துரைசாணி நிறம்

நரிப்பாறைத் தோட்டத்தில் மீனம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘புள்ளக்காம்பரா அக்கா’. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்த நீளமான தகரக் கொட்டகையில் தொட்டில் ஆட்டுவதும், பால் கரைப்பதும், ஈரத்துணி மாற்றுவதும்தான் அவள் வேலை. எல்லாத் தொட்டில்களும் ஒரே நேரத்தில் அலறினாலும், எது பசிக்கு அழுகிறது, எது வயிற்றுவலிக்கு அழுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கென்று ஒரு தொட்டில் கட்டத்தான் வாய்க்கவில்லை. கல்யாணமான மறுவருஷமே புருஷன் மண்சரிவில் போய்விட்டான்.

ஆனாலும் பிள்ளை வளர்க்காதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. தங்கை பூரணியை அவள்தான் வளர்த்தாள். தாய் போனபோது பூரணிக்குப் பால்பல் விழுகிற வயது. தகப்பனும் அதிக காலம் இருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். கடைசி நாட்களில் அவருக்கு வெளிக்குத் தார் போலக் கறுப்பாகப் போனது. உள்ளே இருக்கிற இரத்தமெல்லாம் போகிறது என்று அப்போது யாரோ சொன்னார்கள். அந்தக் கறுப்பு மீனம்மாவின் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பூரணி நல்ல கறுப்பு. மழை நின்ற பிறகு வெயில் பட்ட பாறை மினுங்குமே, அப்படி ஒரு கறுப்பு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மா, “பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. வெளக்கு ஏத்துனாத்தான் தெரியும் போல,” என்றாள். வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து முகத்தில் மஞ்சள் பூசாமல் அவள் வெளியே இறங்கியதில்லை. மாப்பிள்ளை சிவசாமி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன். “எனக்குப் புடிச்சிருக்கு,” என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். அது போதுமாயிருந்தது.

முதல் பிள்ளை மாசம் நிறையாமல் பிறந்து தங்காமல் போனது. அடுத்தது எப்போது என்று, ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருந்த அந்த லயமே கேட்டுக்கொண்டிருந்தபோது, அறுபத்தொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் பூரணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்பதைத் தவிர மீனம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. பிள்ளையைப் பற்றித்தான் பயந்தாள். பூரணியைப் பற்றிப் பயப்படவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏனென்றால் பூரணி அழகாகிக்கொண்டு வந்தாள்.

முதலில் அதைச் சொன்னவள் பேச்சியம்மாதான். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். பூரணி முகம் கழுவி நிமிர்ந்தாள்.

“ஏ, இங்க பாருங்கடி என் மருமகள! எம்புட்டு நெறமாயிட்டா!”

“ஆமா அத்தை, மூஞ்சியில கறுப்பக் காணோமே.”

“எங்க லயத்துத் தண்ணி அப்புடி. இங்க வந்து குளிச்சா காக்காகூட கொக்காயிரும்.”

“அப்ப நீங்க ஏன் அத்தை இன்னும் காக்காவாவே இருக்கீங்க?” என்றாள் வீரம்மா. அவள் பக்கத்துக் காம்பராக்காரி, வாய்த்துடுக்கு.

“நான் குளிச்சாத்தானேடி,” என்றாள் பேச்சியம்மா. பீலிக்கரை முழுக்கச் சிரிப்பு.

வயிற்றில் பெண்பிள்ளை இருந்தால் தாய் வெளுப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். மலைக் குளிரும் மஞ்சளும் சேர்ந்த நிறம் என்றாள் இன்னொருத்தி. “பெரிய பங்களா வெள்ளக்காரத் தொரசாணி மாதிரியே இருக்கா. தொப்பி ஒன்னுதான் கொறச்சல்,” என்று வீரம்மா முடித்து வைத்தாள். அன்றிலிருந்து பூரணிக்குத் ‘தொரசாணி’ என்று பெயர் விழுந்தது. வாழ்நாளெல்லாம் கறுப்பி என்று கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கூப்பிடும்போதெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். மீனம்மாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கண்பட்டுவிடப் போகிறது என்று தங்கையின் கன்னத்தில் கரிப்பொட்டு வைத்துவிட்டாள்.

துரைசாணிக்கு மலை ஏறும்போதுதான் கஷ்டமாயிருந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மேல்மலைக்கு ஏறுகிற பெண்களில் பூரணி எப்போதும் முன்னால் போகிறவள். இப்போது பாதி வழியிலே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; நெஞ்சு படபடவென்று அடித்தது. நிறுவைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக வந்தாள். மூக்கன் கங்காணி பெரிய மீசையும் பெரிய வயிறுமாக நின்றுகொண்டு, “என்னா தொரசாணி, நாற்காலி கொண்டாந்து போடவா? பங்களாவுல போயி குந்திக்க வேண்டியதுதானே!” என்பார். கூடை குறைந்த நாட்களில் அரைநாள் கூலிக்கான அரைப்பேர்தான் விழுந்தது.

மதிய நேரத்தில் தாய்மார் பால் கொடுக்க ஓடிவருவார்கள். பால் கொடுக்கப் பிள்ளை இல்லாத பூரணியும் அவர்களோடு வந்து பிள்ளைக்காம்பராவின் சுவரில் சாய்ந்து உட்காருவாள். மீனம்மா தேயிலைச் சாயத்தண்ணியும் ரொட்டித் துண்டும் கொடுப்பாள். பூரணி ரொட்டியை வைத்துவிட்டு, அடுப்போரத்துச் சுவரில் வெந்து போயிருக்கும் செம்மண்ணைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள்.

“ஏ, மண்ணைத் திங்காத புள்ள.”

“ஆசையா இருக்குக்கா. மழை பேஞ்ச வாசம் வருது.”

மசக்கை ஆசை என்று மீனம்மா விட்டுவிட்டாள். எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தச் சுவரைச் சுரண்டியிருக்கிறார்கள்! சுவரில் ஒரு குழியே விழுந்திருந்தது.

ஆனால் அந்த மூச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகும் பூரணியின் மூச்சு அடங்காமல் ஓடியது. நெஞ்சுச்சளி பிடித்த குழந்தைகள் அப்படி மூச்சுவிடுவதை அவள் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தோட்டத்து மருந்துக்காரரை எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காய்ச்சல்காரர்களும் கவ்வாத்துக் கத்தி பட்டவர்களுமாக வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஐயா பூரணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ரத்தம் பத்தாது. இது இரும்பு மருந்து. வேளைக்கு ஒரு மடக்கு, சோறு தின்ன பெறகு. போத்தல் முடிஞ்சதும் வா,” என்று சொல்லி, துருநிறத் தண்ணீர் நிறைந்த போத்தலைக் கொடுத்தார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை. கேட்க இவர்களுக்குத் தைரியமில்லை.

“துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்குக்கா,” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பூரணி குடித்தாள். சில நாள் கழித்து, பீலிக்கரையில் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து அக்காவின் காதருகே வந்தாள்.

“அக்கா, கறுப்பாப் போகுதுக்கா.”

“என்னா?”

“வெளிய போறப்ப. தார் மாதிரி.”

மீனம்மாவின் கையிலிருந்த குடம் நழுவிக் கல்லில் இடித்தது. அப்பா கிடந்த கிடை கண்முன்னே வந்தது. “இனி அந்தக் கருமத்தைத் தொடாத,” என்றாள். போத்தலை வாங்கிக்கொண்டு வந்து, தன் காம்பராவில் விளக்கு மாடத்துக்குப் பின்னால் வைத்தாள். கொட்டிவிடத்தான் நினைத்தாள். மருந்தைக் கொட்டினால் டாக்டரையா ஏசுவார் என்ற பயத்தில் கொட்டவில்லை. கறுப்பு நின்றுபோனது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சிவசாமி ஹட்டனுக்குப் போய் மஃறூப் நானாவின் கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தான். கல்யாணத்தில் போட்ட அளவைச் சொல்லித்தான் வாங்கினான். ஆனால் வளையல் ஏறவில்லை. மணிக்கட்டும் புறங்கையும் புசுபுசுவென்று இருந்தன.

“சதை போட்டிருக்காடி என் மருமக,” என்று பேச்சியம்மா பூரித்தாள். “வந்தப்ப குச்சி மாதிரி இருந்தா. என் வீட்டுச் சோறு!”

“சோறா? நீங்க தின்னது போக மிச்சம் இருந்தாத்தானே அத்தை?” என்றாள் வீரம்மா.

சிரிப்புக்கு நடுவில் சவர்க்காரம் தடவி, கையைக் குவித்து, ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றினார்கள். இரண்டு உடைந்தன. சந்தனம் பூசி, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு எல்லாம் வைத்தார்கள். பூரணி ஒரு வாய்க்கு மேல் தின்னவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மீனம்மா தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறுக்கமாயிருந்த ஒரு வளையலைச் சற்று மேலே நகர்த்தினாள். வளையல் இருந்த இடத்தில் சதை பள்ளமாயிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் நிறையவில்லை. பெருவிரலால் கணுக்காலை அழுத்தினாள். அங்கேயும் விரல் போன இடம் பிசைந்த மாவில் பதிந்தது போல அப்படியே நின்றது.

இது சதையில்லை. என்னவென்று தெரியாது, ஆனால் சதையில்லை.

“அத்தை, இவள டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா?”

“வாயக் கழுவு மீனா. வளையல் போட்ட கையோட ஆஸ்பத்திரியா? நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?”

சிவசாமி தாயையும் பார்த்தான், மதினியையும் பார்த்தான். “வார ஞாயித்துக்கெழமை போவம் மதினி. வேல நாள்ல கங்காணிகிட்ட சொல்லிட்டுப் போகணும்,” என்றான். புள்ளத்தாய்ச்சியை எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதில் பிள்ளை பெறாத ஒருத்தி எவ்வளவு தூரம் பேசமுடியும்? மீனம்மா வளையலைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

அடுத்த ஞாயிறுவரை பொறுக்கவில்லை. இடையில் ஒரு காலை, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போதே பூரணி கூடையோடு உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள். தோட்டத்து லொறி நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. நல்ல காலத்துக்கு மஃறூப் நானாவின் கடை லொறி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிற இஸ்ஸதீன், மூட்டைகள் பாதி இறங்கும்போதே இறக்குவதை நிறுத்தச் சொன்னான்.

“ஏத்துங்க அக்கா. மிச்ச அரிசி டவுனப் பாத்துட்டு வரட்டும்.”

மூட்டைகளின் மேல் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்துப் பூரணியைக் கிடத்தினார்கள். மீனம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு இஸ்ஸதீன் மெதுவாக ஓட்டினான். பூரணி கண்ணைத் திறந்து, “லொறியில போறது நல்லாருக்குக்கா,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர்; இளவயது. வந்தவுடன் பூரணியின் கண்ணுக்குக் கீழே பெருவிரலை வைத்து இமையை இழுத்துப் பார்த்தார். மீனம்மாவும் எட்டிப் பார்த்தாள். சிவப்பாக இருக்கவேண்டிய உள்ளிமை கழுவின வெள்ளைத் துணி போல இருந்தது. நாக்கு வெள்ளை. நகம் வெள்ளை. இத்தனை நாள் எதைப் பார்த்துத் துரைசாணி என்று கொண்டாடினார்களோ, அதுதான் உள்ளேயும் இருந்தது.

“லே அடுயி,” என்றார் டாக்டர் நர்ஸிடம். இரத்தம் குறைவு. அந்த அளவு சிங்களம் மீனம்மாவுக்குத் தெரியும். பிறகு தெரிந்த தமிழில் அவளிடமே சொன்னார்: “ரத்தம் தண்ணி மாதிரி ஆகிட்டது. ஹார்ட் களைச்சுப் போச்சு. அதுதான் வீக்கம். தோட்டத்துல மருந்து குடுக்க இல்லையா?”

“குடுத்தாங்க ஐயா.”

“குடிச்சதா?”

மீனம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். “கறுப்பாப் போச்சுங்க. அதனால...”

“அது மருந்தோட கலர். இரும்பு குடிச்சா அப்படித்தான் போகும். நல்லதுதான் அது.” அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. “செருப்பில்லாம நடக்கிறது இல்லையா? மண்ணுல இருந்து காலால பூச்சி ஏறும். வயித்துல இருந்து ரத்தம் குடிக்கும். எல்லா ஆளுக்கும் இருக்கும். இப்ப மருந்துக்கு நேரம் இல்லை. ரத்தம்தான் ஏத்தணும். சொந்தக்காரர வரச் சொல்லு.”

மறுநாள் பகலில் அதே கடை லொறியில் சொந்தம் வந்து இறங்கியது. சிவசாமி, அவன் தம்பிமார், பேச்சியம்மா, வீரம்மா, அவள் புருஷன். துரையிடம் விடுப்புக் கேட்டு ஆட்களைக் கூட்டிவந்தவர் மூக்கன் கங்காணிதான். இரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் துணிக்குப் போடுகிற நீலம் கரைத்தது போல நீலத் தண்ணீர். நர்ஸ் விரலில் ஊசியால் குத்தி, வந்த துளியை அந்தத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். துளி கீழே போய் அடியில் தங்கினால் அந்த ஆளின் இரத்தம் எடுக்கலாம். மேலே மிதந்தால் ஆகாது. அவருக்கே இரத்தம் காணாது.

முதலில் மீனம்மா கையை நீட்டினாள். குத்தினது தெரியவில்லை. துளி தண்ணீரில் விழுந்தது. மணி போல உருண்டு கீழே இறங்கியது. ‘போ, போ’ என்று உள்ளுக்குள்ளே சொன்னாள். பாதித் தூரம் போய், யோசிக்கிற மாதிரி நின்று, மெல்லத் திரும்பி மேலே வந்துவிட்டது.

“பே,” என்றாள் நர்ஸ். முடியாது.

சிவசாமி வந்தான். பாறை மாதிரி தோள். கவ்வாத்துக் கத்தியை ஒரு வீச்சு வீசினால் கொப்பு தெறிக்கும். அவன் துளியும் மிதந்தது. “இன்னொருக்கா பாருங்க,” என்று மற்றக் கையை நீட்டினான். அதுவும் மிதந்தது. தம்பிமார் துளிகள் மிதந்தன. வீரம்மாவின் துளி கீழே போகவே இல்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. “என் வாய்தான் கனம் போல,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாவை வயசு போய்விட்டது என்று நர்ஸ் தள்ளி நிற்கச் சொன்னாள். “என்னையும் குத்துங்க நோனா, ஒரு குத்துத்தானே,” என்று அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

கடைசியில் மூக்கன் கங்காணி கோட்டைக் கழற்றினார். இவரிடம் இல்லாத இரத்தமா என்று எல்லோரும் அந்த வயிற்றைப் பார்த்தார்கள். அவர் துளியும் பாதி இறங்கி, மேலே வந்து, மற்றவர்களுடைய துளிகளோடு சேர்ந்து நின்றது. கங்காணி குனிந்து குவளையைப் பார்த்தார். “நம்ம லயத்துல யாருக்குமே இல்லையா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

வாசலில் நின்ற இஸ்ஸதீன் உள்ளே வந்தான். “என்டயப் பாருங்க மிஸ்.”

அவன் துளி கல் போல இறங்கி அடியில் உட்கார்ந்தது. இரத்த வகையும் ஒத்துவந்தது. மீனம்மா அவன் காலில் விழுந்தாள். அவன் பதறி நகர்ந்தான். “என்னக்கா இது, அல்லாஹ்வுக்குப் பொறுக்காது. எந்திரிங்க.”

ஒரு போத்தல் இரத்தம் பூரணிக்குள் சொட்டுச் சொட்டாக ஏறியது. வேகமாக ஏற்றினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் அடிக்கடி வந்து பார்த்துப் போனார். மீனம்மா பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, அடுத்த கட்டில்காரியிடம் ஏதோ சொல்லிப் பூரணி சிரித்தாள். உதட்டில் இலேசாக ஒரு நிறம் வந்திருந்தது.

“அக்கா, இஸ்ஸதீன் அண்ணன் ரத்தம் ஏறியிருக்குல்ல. இனி நானே லொறி ஓட்டிருவேன்.”

“ஓட்டுவ, ஓட்டுவ. மொதல்ல கஞ்சியக் குடி.”

“மூக்கன் கங்காணி மேல ஏத்திருவேன்.”

“அந்த மனுசன் ஒனக்காகக் கோட்டக் கழட்டி நின்னாருடி.”

பூரணி தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “ஏன்க்கா, நான் மறுபடி கறுப்பாயிருவேனா?” என்று கேட்டாள்.

“ஆயிருவ.”

“ஆயிட்டாத் தேவலக்கா,” என்றாள் பூரணி. அதைக் கேட்டவுடன் மீனம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இன்னும் ஒரு போத்தலாவது வேண்டும் என்றார் டாக்டர். இஸ்ஸதீன் மறுபடியும் வந்து கையை நீட்டினான். ஒரு முறை கொடுத்தவனிடம் உடனே எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கண்டிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம், ரயிலில் வரும் என்றார்கள். ரயில் ஊதும்போதெல்லாம் மீனம்மா வாசலுக்குப் போய் வந்தாள். ரயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. டவுனில் எத்தனையோ பேர் நடந்துபோனார்கள்; குடை பிடித்தவர்கள், செருப்புப் போட்டவர்கள், கன்னம் சிவந்தவர்கள். யார் கையைப் பிடித்து நிறுத்தி, உங்கள் இரத்தத்தில் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்பது? கேட்டுவிடலாம் என்று ஒருவரின் பின்னால் கொஞ்சத் தூரம் போனாள். அவர் திரும்பிப் பார்த்தவுடன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள்.

போத்தல் வருவதற்கு முன்னால் வலி வந்துவிட்டது. நாளுக்கு முந்திய வலி. மத்தியானம் பிள்ளை பிறந்தது, பெண். சின்னதுதான், ஆனால் அழுதது. அந்த அழுகையை மீனம்மா வெளியே நின்று கேட்டாள். பசி அழுகை. பிழைத்துக்கொள்ளும் என்று அவள் காதுக்குத் தெரிந்தது. சிவசாமியிடம் சொல்ல ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

“ரத்தம் நிறையப் போக இல்லை,” என்றார். “வேற பொம்பளைக்கு அது ஒன்றும் இல்லை. எழும்பி டீ குடிக்கும். இவவுக்கு அந்தக் கொஞ்சம் போகவும் ரத்தம் இல்லை.” அதற்கு மேல் தமிழ் கிடைக்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே பூரணி தூங்குகிறவள் போலக் கிடந்தாள். முகம் அந்த வெள்ளை விரிப்பிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத நிறமாயிருந்தது. கையில் பச்சையும் சிவப்புமாக வளையல்கள். சவர்க்காரம் போட்டு ஏற்றியவை, இப்போது இழுத்தவுடன் கழன்றுவந்தன.

பிள்ளையை மீனம்மாதான் வளர்த்தாள். பிள்ளைக்காம்பராவில் அவளுக்கென்று ஒரு தொட்டில் கட்டிக்கொண்டாள். பால் கொடுக்க வருகிற தாய்மாரில் இரக்கமுள்ளவர்கள் அதற்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். பூரணியின் முப்பதாம் நாள் காரியம் கழிந்து பேச்சியம்மா வந்தாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவள், பழக்கதோஷத்தில், “நெறத்தப் பாரு, தொர...” என்று தொடங்கி, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். இருவரும் தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அழுதார்கள். மருந்தை நிறுத்தியது யார், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விளக்கு மாடத்துக்குப் பின்னால் அந்தப் போத்தல் அப்படியே இருந்தது. ஒரு நாள் மாடத்தைத் துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மீனம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு ஒரு மடக்குக் குடித்தாள். துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து சோறு தின்ற பிறகு வேளைக்கு ஒரு மடக்கு. கறுப்பாகப் போனது, பயப்படவில்லை. போத்தல் முடிந்ததும் கழுவி எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி டிஸ்பென்சரி வரிசையில் போய் நின்றாள்.

“யாருக்கு?” என்றார் டாக்டரையா.

“எனக்குத்தாங்க.”

“ஒனக்கு என்னா?”

“ஒன்னுமில்லீங்க ஐயா. என் துளி மெதக்குதுங்க.” அவருக்கு விளங்கவில்லை. பேசிப் பழக்கமில்லாத மீனம்மா திக்கித் திக்கிச் சொன்னாள்: “இதுவும் பொட்டப்புள்ளங்க. நாளைக்கு இதுக்கும் ஒரு காலம் வரும். அப்ப கேப்பாங்க. எங்கள்ல ஒருத்தர் துளியாச்சும் கீழ போகணும்ங்க.”

டாக்டரையா காலிப் போத்தலை வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது புள்ளத்தாய்ச்சிங்களுக்குன்னு வாற மருந்து மீனம்மா. அதுக்கே பத்தல. ஒனக்கு ஊத்துனா நாளைக்கு அவுங்களுக்கு நான் எங்க போவேன்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. மீனம்மா போத்தலை மடியில் செருகிக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் லெட்சுமி நின்றாள். போன தையில் கல்யாணமாகிக் கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வந்த பெண். வயிறு இப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

“என்னா அக்கா, புள்ள நல்லாருக்கா?” என்று பிள்ளையின் காலைத் தொட்டாள்.

மீனம்மா பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். லெட்சுமியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, பெருவிரலால் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெள்ளை.

“மருந்து குடுப்பாரு. குடி. கறுப்பாத்தான் போகும்; அது மருந்து. ஆரு சொன்னாலும் நிறுத்தாத. நான் சொன்னாலும் நிறுத்தாத.”

லெட்சுமி தலையாட்டினாள். மனசில் போட்டுக்கொண்டாளா, தங்கச்சியைப் பறிகொடுத்தவள் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தாளா, முகத்தில் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. ஓரடி முன்னால் போனவள் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்:

“ஏன்க்கா, நான் நெறமாயிட்டேனா? பீலிக்கரையில எல்லாரும் சொல்றாங்க.”